ஏற்றிய இடமும் இறக்கிய இடமும்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு அமெரிக்க ஆம்புலன்ஸ்களுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன், அதாவது ஒவ்வொரு பயணத்தையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. மைலுக்கான குறியீடு ஏ0425, அதுவும் நோயாளி வண்டிக்குள் இருந்த தூரத்துக்கு மட்டும்தான், காலியாக ஓடியது கணக்கில் வராது. ஏற்றிய இடத்துக்கும் இறக்கிய இடத்துக்கும் ஆளுக்கொரு எழுத்து: வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு என்றால் ஆர்ஹெச், விபத்து நடந்த இடத்திலிருந்து என்றால் எஸ்ஹெச். சரி, இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக் எழுதும் குறிப்பு.

போன வாரம் ஒன்றில் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் இருந்தது, பாட்டிக்கு எண்பது வயசுக்கு மேல். எழுந்து உட்கார முடிந்ததா, ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்களா, ஒன்றுமே இல்லை. ஆம்புலன்ஸ் தேவைதான் என்று காட்டும் அந்த ஒரு வரி இல்லையென்றால் அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தராமல் போகலாம், நாமாக யூகித்துக் குறியீடு போடவும் கூடாது. விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அப்போது ஆசாரிப்பள்ளம் பக்கம் 108 ஒன்று அலறிக்கொண்டு போனது. இங்கே அதற்குக் கட்டணமே கிடையாது. அங்கே அந்தப் பாட்டி வீட்டுக்கு பில் போய்விடக்கூடாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.