அபராதம் என்ற சொல் யாருடையது?

ஜனவரி 6
உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் காலை முழுவதும் நின்றேன். குடவோலைக் கல்வெட்டை இத்தனை நாளும் அச்சில்தான் படித்திருந்தேன். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடும்புகள் எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகள், ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு 6 பேர், 360 நாள் பதவி எல்லாம் மனப்பாடம். கல்லின்முன் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. வாரியத்துக்கு வருபவரின் வயது, நிலம், ஒழுக்கம் என்று அத்தனை நுணுக்கமாகச் சொல்லும் சாசனம், மடையைத் திறந்துவிட்ட ஆளைப் பற்றிப் பேசவில்லை. என் ஆய்வுக் கட்டுரைக்கு அந்த ஆள் வேண்டும்.

ஜனவரி 9
பக்கத்து ஊரில், ஏரித் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டி ஒருவரைச் சந்தித்தேன். எழுபதைக் கடந்தவர். அனுமதி கேட்டுப் பதிவு செய்தேன். பேசிக்கொண்டே மண்வெட்டியால் சேற்றை வெட்டி வாய்மடையில் போட்டு, குதிகாலால் இரண்டு முறை மிதித்தார். அந்த வயலுக்குத் தண்ணீர் நின்று அடுத்த வயலுக்குத் திரும்பியது. "கடைமடை நனையாமல் எனக்குச் சோறு இறங்காது, கண்ணு" என்றார். கூலி, அறுப்பு முடிந்ததும் களத்தில் அளக்கும் நெல்.

ஜனவரி 12
எழும்பூர் ஆவணக் காப்பகம். ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தைக் கட்டாயமாக்கிய 1858ஆம் ஆண்டுச் சட்டத்தை மூலத்திலேயே படித்தேன். வழக்கப்படி செய்ய வேண்டிய ஏரி வேலையைச் செய்யத் தவறினால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம். அன்று பேசிய நீர்க்கட்டித் தாத்தாவும் அபராதம் இருந்தது என்றாரே! ஏட்டுச் சான்றும் வாய்மொழியும் இப்படிப் பொருந்தியதில் இரவே நான்கு பக்கம் எழுதிவிட்டேன்.

ஜனவரி 19
ஆய்வு நெறியாளர் நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, "பதிவைப் போடு" என்றார். என் குரல்தான் முதலில் கேட்டது: "வேலைக்கு வராதவர்களுக்கு அபராதம் போடுவார்களா, தாத்தா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாம், போடுவார்கள்."

அவ்வளவுதான். அபராதம் என்ற சொல் என்னுடையது. கேட்ட பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று பெரியவர் தலையாட்டியிருக்கிறார். அதை அவர் வாக்குமூலமாக மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தேன். நான்கு பக்கத்தையும் அடித்தேன்.

ஜனவரி 22
மறுபடியும் ஏரிக்கரை. இம்முறை, "உங்கள் அப்பா காலத்தில் கரை வேலை எப்படி நடந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாற்பது நிமிடம் பேசினார். தண்டோரா போட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராதவரிடம் யாரும் பணம் கேட்டதில்லை. "அவன் வயலுக்குத் தண்ணீர் கடைசியில் போகும். ஊர் பார்க்கும். அது போதாதா?"

சட்டத்தில் இருப்பது ஒன்று, ஊர் நினைவில் இருப்பது வேறொன்று. பொருந்தாத இந்த இடம்தான் என் கட்டுரை. அவர் சொன்னதை வைத்து 1858இல் என்ன நடந்தது என்று எழுத முடியாது. அவருடைய அப்பா காலத்துக்கு, அந்த ஓர் ஊருக்குத்தான் அது சான்று.

ஜனவரி 24
நோட்டில் நடுவே கோடு கிழித்துக்கொண்டேன். இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் நான் நினைப்பது. என் கேள்விகளையும் விடாமல் பின்னிணைப்பில் சேர்க்கிறேன், முதல் நாள் கேட்டது உட்பட. பெயர் வேண்டாம் என்றார். அடிக்குறிப்பில் "நீர்க்கட்டி" என்றும் நேர்காணல் தேதியும் மட்டும்.

எழுதியதை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அறுப்புக்கு முன்பே போக வேண்டும்; அப்புறம் அவர் களத்திலேதான் இருப்பார்.