நாற்பதாண்டுக் கடனில் ஒரு விண்கலம்: டிராவலர் ஆட்டக் குறிப்பு

1977-இல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட டிராவலர், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விண்வெளி விளையாட்டு. மார்க் மில்லர் வடிவமைத்த இதற்கு மூன்று சிறிய கறுப்பு அட்டைப் புத்தகங்களும் இரண்டு பகடைகளும் போதும். நான் நடுவராக இருக்க, மூன்று நண்பர்களோடு, 1981-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பைக் கொண்டு ஆடி வருகிறேன். இதுவரை ஆறு அமர்வுகள் முடிந்துள்ளன.

முதல் அமர்வு முழுவதும் பாத்திரங்களை உருவாக்குவதிலேயே கழிந்தது. பதினெட்டு வயதில் ஏதேனும் ஒரு பணியில் சேர்ந்து, நான்காண்டுக்கு ஒருமுறை உயிர் பிழைத்தோமா என்று பகடை உருட்ட வேண்டும். புது உலகங்களைத் தேடிச் செல்லும் சாரணர் பணியில் பிழைக்க, இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வர வேண்டும் என்பதால், உடல் தாங்குதிறன் குறைந்தவன் ஒவ்வொரு நான்காண்டிலும் சாவதற்கு 36-க்கு 15 வாய்ப்பு உண்டு. நண்பர் ஒருவர் உருவாக்கிய இரண்டு சாரணர்கள், பெயர் வைப்பதற்கு முன்பே அடுத்தடுத்து இறந்தார்கள். சாவைக் காயமாக மாற்றிக்கொள்ளும் விருப்ப விதி இந்தப் பதிப்பில் உண்டு; அதை நாங்கள் வேண்டுமென்றே ஒதுக்கினோம். மூன்றாவதாக அவர் உருவாக்கிய வணிகர் தப்பிப் பிழைத்துக் கேப்டனாகி, ஓய்வுபெறும்போது 200 டன் சரக்குக் கலம் ஒன்றையும், அதன்மீது நாற்பதாண்டுக் கடனையும் பெற்றார்.

ஆட்டம் உண்மையில் தொடங்கியது இந்தக் கடனில்தான். கலத்தின் விலை, ஆட்டத்தின் நாணயமான கிரெடிட்டில், 3,70,80,000. அதில் 240-இல் ஒரு பங்கை, அதாவது 1,54,500-ஐ, மாதந்தோறும் 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தாவலுக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்று போனால் மாதத்திற்கு இரண்டே பயணங்கள் என்பதால், ஒவ்வொரு பயணமும் 77,250-ஐ ஈட்டியாக வேண்டும். எங்களில் ஒருவர் பகலெல்லாம் கணக்கெழுதிப் பிழைப்பவர். கலத்தின் வரவுசெலவு நோட்டை அவரிடமே நீட்டியபோது, ஞாயிற்றுக்கிழமையும் இதுதானா என்று கேட்டபடி வாங்கிக்கொண்டார். முதல் பயணத்தின் பக்கம் இப்போதும் என்முன் இருக்கிறது: 51 டன் சரக்குக்கு 51,000, நடுத்தர வகுப்புப் பயணிகள் மூவருக்கு 24,000, அறைச் செலவு 12,000, எரிபொருள் 15,000, மீதி 48,000, அதன் கீழே சிவப்பு மையில் 29,250 பற்றாக்குறை.

புதிய விளையாட்டுகள் பலவற்றில் வீரன் வாரத்துக்கு வாரம் வலுவடைவான். இதில் பாத்திரத்தின் திறமை பெரும்பாலும் ஏறுவதே இல்லை. நாற்பது வயதில் களமிறங்குபவன் ஏறக்குறைய அப்படியேதான் இருப்பான். இது ஒரு குறை என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் மூன்றாம் அமர்விற்குள், சுங்க அதிகாரிக்குத் தெரியாமல் பெட்டி ஒன்றை ஏற்றலாமா என்று மூவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள், அதுவும் நான் கதை எதையும் அவிழ்த்துவிடாமலே. விண்கலப் போர் விதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒருமுறை முயன்றோம், திசையன் கணக்கில் சலித்து நிறுத்திவிட்டோம்.

ஆறாம் அமர்வில், பற்றாக்குறையைக் குறைக்கச் சுத்திகரிக்காத எரிபொருளை வாங்கினார்கள். டன்னுக்கு 500-க்குப் பதில் 100 என்பதால் 12,000 மிச்சம். அதன் விலையாக, தாவல் பிறழ்வதற்கு 36-இல் ஒரு வாய்ப்பு உண்டு. கணக்கர்தான் உருட்டினார், இரண்டு பகடைகளிலும் ஆறு. எத்தனை பகடைகளால் தூரத்தை அறிவது என்பதற்கு மூன்று விழுந்தது. அந்த மூன்றையும் கூட்டியதில் 11 வந்தது. ஒரு பார்செக், அதாவது வரைபடத்தில் ஒரு கட்டம், மட்டுமே தாவக்கூடிய கலம் 11 பார்செக் தள்ளிப் போய், வரைபடத்தில் நான் இன்னும் நிரப்பாத ஒரு கட்டத்தில் நின்றது. ஒற்றைப் பகடையில் 4, 5, 6 விழுந்தால் அங்கே ஓர் உலகம் இருக்கும். இல்லையேல் வெறும் இருள்தான். அதை வீட்டில் தனியே உருட்டாமல், அடுத்த ஞாயிறு அனைவர் முன்னிலையிலும் உருட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். கணக்கரோ தவணைத் தேதியை நோட்டில் இப்போதே குறித்துவிட்டார்.