ஸ்கோபஸில் நான் இரண்டு பேராக இருந்தேன்

பேராசிரியர் பதவி உயர்வுக்கான சிஏஎஸ் (பணி மேம்பாட்டுத் திட்டம்) விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றை எழுதியவர்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் நான் இரண்டு ஆட்களாக இருப்பது தெரிந்தது. ஒருவர் வினையூக்கிகளில் வேலை செய்தவர், சேலத்தில் பிஎச்.டி. முடித்ததோடு அவருடைய கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. இன்னொருவர் வளிமண்டல நிறமாலையியலில் எழுதியவர். அவர் பெயர் என் அப்பாவின் பெயர்.

காரணம் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். பிஎச்.டி. கட்டுரைகளில் இனிஷியலும் என் பெயரும் இருந்தன. போஸ்ட்டாக்குக்கு (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்கு) ஜெர்மனி போனபோது, பாஸ்போர்ட்டின் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருந்ததால் மின்னஞ்சல், அடையாள அட்டை, கட்டுரை எல்லாமே அந்தப் பெயரில் போயின. பெயர், நிறுவனம், துறை மூன்றும் மாறியதால் வேறு ஆள் என்று மென்பொருள் முடிவு கட்டிவிட்டது.

துறை மாறியதாக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது. நான் மாறவே இல்லை. டைட்டானியம் டைஆக்சைடின் மேல் படிந்த வனேடியம் ஆக்சைடு என்ற வினையூக்கி, அம்மோனியாவின் உதவியோடு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனும் தண்ணீருமாக மாற்றும். 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் நன்றாக நடக்கும் அந்த வினைதான் என் பிஎச்.டி. அதில் தப்பி வெளியேறும் நைட்ரஜன் டைஆக்சைடு காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது ஜெர்மனியில். அந்த வாயு நீல ஒளியை உறிஞ்சும். பழுப்பாகத் தெரிவது அதனால்தான். 400 முதல் 450 நானோமீட்டர் பகுதியில் அதன் உறிஞ்சல் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். தூசியால் வரும் ஒளிக்குறைவோ அலைநீளத்தோடு மெதுவாகத்தான் மாறும். அதைக் கழித்துவிட்டு, ஏற்ற இறக்கத்தை மட்டும் பொருத்திப் பார்த்தால் அளவு கிடைத்துவிடும். தொப்பூர் கணவாயில் ஏறும் லாரியின் சைலன்சருக்குள் நடப்பது முதல் பாதி, வெளியே வந்தபின் நடப்பது மறுபாதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபிறகு நெடுஞ்சாலை பங்க்குகளில் ஆட்ப்ளூ விற்கிறார்களே, அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். சூட்டில் அதிலிருந்து பிரியும் அம்மோனியாவைத்தான் ஆய்வகத்தில் நான் சிலிண்டரிலிருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, பிரிந்ததைச் சேர்த்த கதைக்கு வருகிறேன். தருமபுரியில் எங்கள் கல்லூரி லைப்ரரியன் சார், "மேடம், முதல்ல ஆர்க்கிட்ல எல்லாத்தையும் சேருங்க, ஸ்கோபஸை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த வரிசையில் போனதுதான் நல்லதாயிற்று. ஆர்க்கிட் (ORCID) என்பது ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண், இலவசம். பெயரின் பிற வடிவங்களுக்கான இடத்தில், அச்சில் வந்த எல்லா வடிவங்களையும் போட்டேன். டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர எண்) கொடுத்தால் கட்டுரை விவரம் தானாக வந்துவிடுகிறது. பிறகு ஸ்கோபஸின் திருத்தப் பக்கத்தில் என் இரண்டு ஆசிரியர் எண்களையும் குறித்து, ஒன்றாக்கும்படி கேட்டேன். பெயர் ஒத்த யாரோ ஒருவரின் மருந்தியல் கட்டுரையும் உள்ளே நுழைந்திருந்தது. அதை நீக்கச் சொன்னேன். சில வாரங்களில் எல்லாம் சரியானது. ஹெச்-இண்டெக்ஸ் மட்டும் கூட்டல் கணக்கு அல்ல. அது 5 என்றால், குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 5 இருக்கின்றன என்று பொருள்; 5-ம் 4-ம் சேர்ந்தால் 9 ஆகிவிடும் என்பதில்லை. மொத்தக் கட்டுரைகளையும் மேற்கோள் எண்ணிக்கைப்படி அடுக்கித் திரும்ப எண்ணுவார்கள். எனக்கு 7 வந்தது.

திரையில் சேர்ந்தால் போதாது, தாளிலும் சேர வேண்டும். இந்தக் கட்டுரைகள் உங்கள் அப்பா எழுதியவையா என்றே ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வி வலித்தது. பாஸ்போர்ட் நகல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழி, ஜெர்மனி ஆய்வகத் தலைவரின் கடிதம் என்று கட்டிக் கொடுத்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, இம்பாக்ட் ஃபேக்டர் (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் அளவு) 2-க்கும் 5-க்கும் இடையே உள்ள இதழில் வந்த கட்டுரைக்கு 20 புள்ளி. இரண்டு பேருக்கு மேல் எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கு அதில் 70 சதவீதம், அதாவது 14. அப்பா பெயரில் கிடந்தவற்றில் பெரும்பாலும் நான்தான் முதல் ஆசிரியர். அவற்றை விட்டுக்கொடுக்க முடியுமா?

நேர்காணலில் மூத்த உறுப்பினர் ஒருவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "ரெண்டும் வேற வேற ஃபீல்டா இருக்கேம்மா?" என்றார். தொப்பூர் லாரியைச் சொன்னேன். "சரி, அம்மோனியா மிஞ்சிப்போனா?" என்று அடுத்த கேள்வி வந்தது. காற்றில் நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் நுண்துகள் ஆகும் சார் என்றேன். மீதி நேரம் முழுக்க வேதியியல்தான் பேசினோம்.