டோக்கன் கதையைச் சொல்லாத இரவு

அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். விழாக் கமிட்டி வேண்டாம் என்றது. அட்வான்ஸ் கொடுத்து அழைத்தவர்கள் அவர்கள். எந்த வீட்டில் என்ன துக்கம் என்பது வேனில் வந்து இறங்கும் பபூனுக்கு, அதாவது நாடகத்தில் சிரிக்கவைக்கும் கோமாளியான எனக்கு, தெரியாது, ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இவற்றில் ஒரு காரணமே போதும். ஆனாலும், விடியற்காலையில் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியுமாக அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்ட கேள்விக்கு, இந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட என்னால் பதிலாகச் சொல்ல முடியவில்லை.

பெரிய கதையல்ல அது. டோக்கன் என்பது கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையிடம் வாங்கும் அனுமதிச் சீட்டு. கடலுக்குப் போன கணவனை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. மனைவி மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போகிறாள். துண்டைத் தலையில் போட்டால் நான் அவள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் அதிகாரி. "டோக்கன் எடுத்துட்டுத்தானே கடலுக்குப் போனாரு?" என்கிறார் அதிகாரி. "எடுத்துட்டுத்தான்யா போனாக." "அந்த டோக்கனைக் காட்டு." "அது அவுக சட்டைப் பையில இருக்குய்யா." "சட்டை எங்கே?" "அவுக மேல இருக்கு." "அவரு எங்கே?" "யாழ்ப்பாணம் ஜெயில்ல." அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்படின்னா அவரு வந்ததும் கையோடு கூட்டிக்கிட்டு வந்து, அவரைக் காணோம்னு ஒரு மனுக் கொடு" என்பார். ஆர்மோனியக்காரர் அந்த இடத்தில் கட்டையை அழுத்தி ஓர் இழுப்பு இழுப்பார். சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கத்து ஊர்களில் அந்த இழுப்பே காதில் விழாத அளவுக்குச் சிரிப்பு எழும்.

மன்னார் வளைகுடாப் பக்கத்தில் அது எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகுகள் பிடிபடுவது பெரும்பாலும் பாக் நீரிணைப் பக்கத்தில். தெற்கே இருப்பவர்களுக்கு அது உறவுக்காரன் வீட்டுச் செய்தி, தன் வீட்டுச் செய்தியல்ல. பபூன் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு. எதைச் சொன்னாலும் பக்கத்து ஊரில் நடந்ததாகச் சொல்ல வேண்டும். குடிகாரன், கடன்காரன், மனைவியிடம் அடி வாங்குகிறவன் எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். தங்களைத்தான் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டே பக்கத்து ஊரைப் பார்த்துச் சிரிப்பார்கள். தேவிபட்டினத்துக்கு வடக்கே இருந்த அந்த ஊரில் எனக்குப் பக்கத்து ஊர் கிடைக்கவில்லை. இராமேசுவரத்து விசைப்படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள் அங்கே அதிகம்; கைதானவர்களின் வீடுகள் சில, நாடகக் கொட்டகைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

கமிட்டிப் பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, அந்தச் சிலோன் கதை மட்டும் இன்னைக்கு வேணாம். பிள்ளைக உள்ள கிடக்குறாக. மத்தபடி நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க." நான் "சரிங்கய்யா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருந்தது?

மேடையேறி, படகு முதலாளியைக் கேலி செய்தேன்; ஐஸ் கம்பெனியை, மீன் எடை போடும் தராசை, தடைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டிலேயே இருக்கும் ஆண்களை, ஏப்ரல் 15 வந்ததும் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமியார்களைக் கேலி செய்தேன். இடையிடையே அன்பளிப்புச் சீட்டுகள் வந்தன. ரூபாய் நோட்டை என் சட்டையில் குத்திவிட்டுச் சீட்டைக் கையில் திணிப்பார்கள். பேச்சை நிறுத்திவிட்டு, கொடுத்தவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசித்து நன்றி சொல்ல வேண்டும். எத்தனை நல்ல கதையையும் இந்தச் சீட்டு இரண்டாக வெட்டிவிடும். அன்று அதற்காக நான் எரிச்சலடையவில்லை, ஏனென்றால் எதையோ தாண்டிப் போகிறேன் என்ற உணர்வை அந்தத் தடங்கல்கள் மறைத்தன. சிரிப்புக்குக் குறைவில்லை. நடனக்காரர் வந்தார், காமிக் முடிந்தது, முருகன் வந்தார், வள்ளி வந்தார், விடிந்தது.

அந்தப் பெண் ஒரு சிறுவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மூக்கையூரில் நான் சொன்ன டோக்கன் கதையை யாரோ கைபேசியில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "அதைச் சொல்லுவீகன்னுதாண்ணே விடிய விடிய உக்காந்திருந்தேன்" என்றார். கமிட்டியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், உள்ளே இருப்பவர்களின் வீட்டார் மனம் நோகக்கூடாது என்பதற்காக என்றேன். "உள்ள இருக்கிறது என் வீட்டுக்காரக. என்னையக் கேட்டாகளா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அது எனக்குப் பழக்கமான வேலை. பிறகு, வாய்தாவுக்கு வாய்தா காவலை நீட்டிக்கிறார்கள் என்பதையும், ஆள் வந்தாலும் படகு வராது என்று பேசிக்கொள்வதையும் சொல்லிவிட்டு, பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும் என்று போய்விட்டார்.

அவருக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைப் பலவிதமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். வந்திருந்தவர்கள் நீங்கள் மட்டுமல்ல அம்மா, உங்களைப் போலவே இன்னொரு வீட்டில் ஒருத்தி அழுதுகொண்டு எழுந்து போயிருந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி ஒருத்தி இருந்தாளா என்று நானும் விசாரிக்கவில்லை, கமிட்டியும் விசாரிக்கவில்லை. நோகும் என்று நாங்கள் முடிவு செய்த மனங்களை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் கதை யாரைப் பற்றியதோ அவர்கள் இல்லாத ஊர்களில் எல்லாம் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவர்கள் உட்கார்ந்திருந்த ஊரில்தான் எனக்கு இரக்கம் வந்தது.

நாங்கள் ஆடும் வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். அவர் எழுதிய பாட்டில் ஓர் அடியை விடச் சொல்லி எந்தக் கமிட்டியும் இன்றுவரை முருகன் வேடக்காரரிடம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. பபூனுக்கு எழுதிக் கொடுத்த பாடம் கிடையாது. அதனால் அவன் சுதந்திரமானவன் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எழுதாத பாடம் என்பதால்தான் 'அதை விடு, இதைப் பேசு' என்று எவரும் சொல்ல முடிகிறது. சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களுக்குப் போய்வந்த அனுபவம் இதற்கு நேர் எதிரானது. அங்கே கொடுத்த வசனத்தைப் பேசிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மீனவனாக நடித்து வழுக்கி விழுந்திருக்கிறேன்; அந்தக் காட்சி யாரையாவது புண்படுத்தியதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. விழச் சொன்னது நானல்லவே. கொட்டகையில் அந்த வசதி இல்லை.

இந்த நினைப்பு வரும்போதெல்லாம் என்.எஸ்.கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, தண்டனை பெற்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலையானார். வெளியே வந்தவர், சிறைக்குப் போய்வந்ததையே பாட்டாக்கிப் பாடினார். பாவம், அவரிடம் ஜெயிலைப் பற்றிப் பேசாதீர்கள் என்று கொட்டகை வாசலில் நின்று யாரும் தடுத்திருக்க முடியாது, ஏனென்றால் பேசியது அவரே. இதிலிருந்து எனக்குச் சாதகமாக ஒன்றை எடுத்துக்கொண்டேன்: தன் சிறையைப் பற்றித் தானே சிரிக்கலாம், அடுத்தவன் சிறையைப் பற்றிச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. கொஞ்ச காலம் அது நிம்மதியாகவே இருந்தது. அப்புறம், அந்தப் பெண் கேட்டது நான் சிரிக்க அல்ல, அவர் சிரிக்க என்பது உறைத்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

இதற்கிடையே, வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெரியவரின் சொந்தத் தம்பி மகனும் அப்போது அதே சிறையில் இருந்தான் என்பதைத் தாமதமாகத்தான் ஆர்மோனியக்காரர் வழியாகக் கேள்விப்பட்டேன். பெரியவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. 'பிள்ளைக' என்று பொதுவாகத்தான் சொன்னார். இதுவரை அவரை நான் ஊர்ப் பெரிய மனிதர் கணக்கில் வைத்து மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அவரும் கேட்கப்பட வேண்டிய வீட்டாரில் ஒருவர் என்றால், வேண்டும் என்ற வீடும் வேண்டாம் என்ற வீடும் ஒரே துக்கத்தில் இருந்தன. அன்று நான் கேட்டது, கையில் அட்வான்ஸ் வைத்திருந்த வீட்டின் சொல்லை.

அடுத்த பருவத்தில், அதே கரையில் வேறோர் ஊரில் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். பெண்கள் பக்கம் சிரித்தது. ஆனால் நான் சிரிப்புக்கு வைத்த இடத்தில் அல்ல. "சட்டைப் பையில இருக்குய்யா" என்ற இடத்திலேயே. மனுக் கொடுக்கச் சொல்லும் இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை, ஆண்கள் பக்கத்தில் சிலர் பீடி பற்றவைத்துக்கொண்டு எழுந்தார்கள். அப்போது ஒரு சீட்டு வந்தது. நூறு ரூபாய் நோட்டு. சீட்டில் பெயர் இல்லை, ஒரு படகின் பதிவெண் மட்டும் இருந்தது. வழக்கப்படி அந்த எண்ணை வாசித்து நன்றி சொன்னேன். அது பாராட்டா, போதும் நிறுத்து என்பதா, கொண்டுபோகப்பட்ட படகின் பெயரில் ஓர் அன்பளிப்பா என்று கொண்டுவந்த பையனிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை, யாரோ கொடுக்கச் சொன்னார்கள் என்றான்.

இப்போதெல்லாம் தேதி கொடுக்கும்போதே, அந்தக் கதை என் பேச்சில் உண்டு, வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்கிறேன். சில ஊர்கள் வேறு பபூனைப் பார்த்துக்கொள்கின்றன. பத்து நிமிடக் கதைக்காகப் பருவத் தேதிகளை இழக்கிறேன் என்று ஏஜெண்டு சலித்துக்கொள்கிறார். தேவிபட்டினத்துக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரிலிருந்து இந்த ஆண்டும் தேதி கேட்டார்கள். ஒப்புக்கொண்டு அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். டோக்கன் கதை உண்டா இல்லையா என்று அவர்கள் கேட்கவில்லை; மற்ற ஊர்களிடம் தவறாமல் சொல்வதை அவர்களிடம் மட்டும் நானும் சொல்லவில்லை.