மாதாமாதம் தடவிப் பார்க்கத்தான் வேண்டுமா?

"ஆண்களே, மாதம் ஒருமுறை உங்கள் விரைகளை நீங்களே சோதியுங்கள், உயிர் பிழையுங்கள்" என்று விரைப் புற்றுநோய் பற்றி ஒரு படம் மறுபடியும் சுற்றுகிறது. பகிர்கிறவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை, எல்லோரையும் அப்படி ஏவுவது நியாயமா என்பதில்தான் உறுத்தல். விரைப் புற்றுநோய் அரிது, அதிகம் வருவது 15 முதல் 35 வயதுக்காரர்களுக்கு, பரவிய பிறகு கண்டுபிடித்தாலும் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அதனால்தான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2011இல், அறிகுறி இல்லாத ஆண்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்றது. கையில் தட்டுப்படுவது நீர்க்கட்டியாக இருக்கலாம், புடைத்த ரத்தக்குழாயாக இருக்கலாம், ஏன், விரைக்குப் பின்னால் எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கும் சுருண்ட குழாயாகக்கூட இருக்கலாம், ஆனால் அது தெரியும்வரை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தூக்கமில்லாத இரவுகள். நன்றாக இருப்பவனை நாமே கூப்பிட்டுப் பயமுறுத்தினால், அதனால் பலன் உண்டு என்று காட்டும் பொறுப்பும் நம்முடையதுதானே?

அதற்காகப் பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைப்பவர்கள் உண்டு. வலியில்லாத கட்டியோ வீக்கமோ தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள், பிறக்கும்போது விரை கீழிறங்காமல் இருந்தவர்கள் கூடுதல் கவனத்தோடு. அப்புறம், திடீரென்று கடும் வலி என்றால் அது வேறு கதை, விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.