பேராசிரியர் வெளியே போய்விட்டார்

வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, "வராந்தாவில்தான் இருப்பேன், சந்தேகம் என்றால் வாருங்கள்" என்று சொல்லிப் பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கை ஓடவில்லை. நீலகிரிப் பக்கம் பந்தலூரில் பப்ளிக் எக்ஸாம் எழுதியவளுக்குப் பறக்கும் படை தெரியும், ஜாமெட்ரி பாக்ஸைக் கவிழ்த்துப் பார்க்கும் டீச்சரைத் தெரியும். ஆளில்லாத ஹால் தெரியாது. 'யாரிடமும் உதவி பெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் அவ்வளவுதான் காவல். பிரின்ஸ்டனில் 1893-லும் ஸ்டான்போர்டில் 1921-லும் தொடங்கிய வழக்கம் இது. நான் படிப்பது வேறு இடம், ஆனால் அதே வழி.

அன்று ராத்திரி போன் செய்தேன். அங்கே அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பும் நேரம். "உன்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு பாரு" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மற்றபடி ஊர் பழகிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்கிறேன், கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியும். மழை வந்தால் மட்டும் மனசு தோட்டத்து லைன் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆடி மாசத்து ஈரம், காலில் ஏறும் அட்டை, அதற்கென்று அம்மா முடிந்து வைத்திருக்கும் உப்பு.

பிறகுதான் அது நடந்தது. வீட்டில் உட்கார்ந்து எழுதித் தரவேண்டிய தேர்வு. வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருவன் முழு விடையையும் போட்டான். திட்டுவார்கள் என்று பார்த்தேன்; வரிசையாக நன்றி சொன்னார்கள். படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. அப்பாவின் கம்பெனியில் நாற்காலி காத்திருக்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. குழுவிலிருந்து வெளியே வந்து, பேராசிரியருக்கு எழுதினேன்.

அந்தப் பிள்ளைகளுக்கும் எனக்கும் பட்டத்தின் மதிப்பு ஒன்றல்ல. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் வேறு இடத்தில் படித்தவர்கள், பின்னாளில் ஏறக்குறைய அதே அளவு சம்பாதித்தார்கள். இதில் விதிவிலக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகள். பெரிய பெயருள்ள இடத்தில் படித்தது அவர்களுக்குத்தான் வருமானத்தைக் கூட்டியது. உள்ளே நுழையும்போதே தட்டு சாய்ந்துதான் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் 2023 ஆய்வுப்படி, நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தாலும், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீக் மாதிரி இடங்களில் நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட மேல்தட்டு ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை போய்ச் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல்.

மழைக் காலத்தில் கொழுந்தில் தண்ணீர் ஏறும். அம்மா தராசுக்குப் போகுமுன் பையைக் கொட்டி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உதறிவிட்டுத்தான் மறுபடி நிரப்புவாள். சிலர் உதறாமல் அமுக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் எடை போடுகிறவர் ஈரத்துக்கென்று எல்லார் பையிலும் ஒரே அளவாகக் கழிப்பார். உதறிய அம்மாவுக்கும் அதே கழிவு. பட்டத்தின் பெயர் கெட்டாலும் கழிவு எல்லாருக்கும்தான். ஆனால் அந்தப் பட்டத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதவளுக்குத்தான் அது சாப்பாட்டில் குறையும்.

ஹார்வர்டில் 2012-ல் ஒரே வகுப்பில் சுமார் 125 பேர் விசாரணையில் சிக்கினார்கள். அதுவும் வீட்டில் எழுதிய தேர்வு. பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொஞ்ச காலம் வெளியே அனுப்பினார்கள். மேற்பார்வையே வேண்டாம் என்றிருந்த ஸ்டான்போர்டும் பின்னர் சோதனை முறையில் ஆள் வைத்துப் பார்த்தது. எங்கள் துறையிலும் கருத்துக் கேட்டார்கள். நம்மை அவமதிப்பதாகும் என்றார்கள் பலர். நான் ஆள் வையுங்கள் என்றேன். அந்தக் காலி ஹாலை என்னைவிட யாரும் நேசித்திருக்க மாட்டார்கள். சொல்லும்போது தொண்டை அடைத்தது.

தம்பி இந்த வருஷம் வெளிநாட்டுக்கு அப்ளிகேஷன் போடுகிறான். "கட்டுரை எழுதித் தர கோயம்புத்தூர்ல ஆள் இருக்காங்களாம்க்கா, பசங்க எல்லாம் குடுக்குறாங்க" என்றான். "நீயே எழுதுடா. நம்ம லைனைப் பத்தி எழுது. எங்க தப்புன்னு சொல்றேன், திருத்தித் தர மாட்டேன்" என்றேன். முதல் பக்கம் நேற்று வந்தது. மூன்று இடத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.