மாதிரி எடுக்கப்படவில்லை

அந்த இரவு நான் தொலைபேசியில் சொன்னவை ஆறே சொற்கள். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதல்ல மருந்தை ஏத்துங்க." அதன் பிறகு எத்தனையோ முறை அந்த வாக்கியத்தை மனத்துக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குரலில் எரிச்சல் இருந்ததா, அல்லது வெறும் தூக்கக் கலக்கம்தானா என்பதில் வந்து நின்றுவிடுகிறேன்.

அழைத்தவர் என்னிடம் மருத்துவ நோயெதிர்ப்பியலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மருத்துவர். சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நோயாளி முப்பதுகளில் இருந்த ஒரு பெண். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 6,000 மட்டுமே இருந்தன. தோலில் செம்புள்ளிகள், வாயின் உட்புறத்தில் ரத்தக் கொப்புளங்கள். உடல் தன் தட்டணுக்களைத் தானே அழித்துக்கொள்ளும் ஐ.டி.பி. என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஸ்டீராய்டு தொடங்கியாகிவிட்டது, எடையில் கிலோவுக்கு 1 கிராம் வீதம் ஐ.வி.ஐ.ஜி. ஏற்ற ஒப்புதல் கேட்கத்தான் அவர் அழைத்திருந்தார். ஒப்புதல் கொடுத்துவிட்டேன். பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். அவர்தான் தயங்கித் தயங்கித் தொடர்ந்தார்: "சார், இவங்களுக்கு ரெண்டு வருஷத்துல மூணு தடவை நிமோனியா வந்திருக்கு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இம்யூனோகுளோபுலின் அளவுக்கு ஒரு சாம்பிள் எடுத்துடட்டுமா?" அதற்குத்தான் அந்த ஆறு சொற்கள்.

துறையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இம்யூனோகுளோபுலின் என்பது தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்; ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். ஆகியவை அதன் வகைகள். ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானோர் தானமாகத் தந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள். அதை ஏற்றிய பிறகு நோயாளியின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. அளவைப் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் ஊராரின் ஐ.ஜி.ஜி.தான். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம் என்பதால், அந்தக் கலப்பு முழுமையாக வடிய மூன்று நான்கு மாதங்களாவது ஆகும். தடுப்பூசி போட்டு எதிர்ப்பொருள் உருவாகிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் அதே கதிதான். இன்னொரு பக்கம், சி.வி.ஐ.டி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் எதிர்ப்பொருள் குறைபாடு, அடுத்தடுத்த நிமோனியாவாக மட்டுமல்லாமல் ஐ.டி.பி.யாகவும் தலைகாட்டும், சிலரிடம் ஐ.டி.பி. முதலில் வந்து, குறைபாடு பல ஆண்டுகள் கழித்தே பிடிபடும். நிமோனியாவும் ஐ.டி.பி.யும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆண்டும் முதல் மாத வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். அவர் கேட்டது என் வகுப்பிலிருந்தே வந்த கேள்வி.

எனக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவற்றையும் சொல்லிவிட வேண்டும். 6,000 தட்டணுக்களுடன் வாயில் ரத்தம் கசியும் நோயாளியிடம் நாம் அஞ்சுவது மூளைக்குள் ரத்தக்கசிவை. அப்படி ஒன்று நேர்ந்து, நாம் அந்த நேரத்தில் ரத்த மாதிரிக் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தோம் என்றால், அதற்கு எந்த விளக்கமும் கிடையாது. பயிற்சியின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அரிய நோய்களின் மீது ஒரு மயக்கம் உண்டு. அதைக் கொஞ்சம் அடக்கி, முதலில் உயிரைப் பார்க்கப் பழக்குவதும் ஆசிரியரின் வேலைதான். இன்னொரு முறை ஊசியால் குத்த வேண்டாம் என்றும் நினைத்தேன்.

ஆனால் இந்தக் கடைசிக் காரணம் பொய். மருந்தை ஏற்ற எப்படியும் ஒரு கேனுலா போட்டாக வேண்டும். போட்டவுடன் அதிலிருந்தே மூன்று மில்லி எடுத்திருக்கலாம். ஐ.வி.ஐ.ஜி.யும் சட்டென்று உள்ளே போய்விடும் மருந்தன்று; மிக மெதுவாகத் தொடங்கி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, பல மணி நேரம் ஏற்றுவது. இரண்டு நிமிடத் தாமதத்தால் கெட்டுப்போவதற்கு எதுவும் இல்லை. இவையெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்தும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. மேலே சொன்ன காரணங்களில் பாதி பிறகு கிடைத்தவை.

மருந்து வேலை செய்தது. மூன்றாம் நாள் தட்டணுக்கள் 50,000-ஐத் தாண்டின. வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. நான்காம் நாள் அவருடைய கோப்பைப் புரட்டியபோது, சேர்க்கையன்று எடுத்த கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரியின் கீழே பென்சிலால் இழுத்த மெல்லிய கோடு கண்ணில் பட்டது. மொத்தப் புரதம் 5.9, ஆல்புமின் 4.1. மிச்சம் குளோபுலின் 1.8. யாரும் ஏறிட்டுப் பார்க்காத எண் அது. ஆனால் குளோபுலின் 2-க்குக் கீழே இருந்தால் எதிர்ப்பொருள் குறைவோ என்று சந்தேகிக்க வேண்டும். யார் கோடு போட்டது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தொலைபேசியை எடுக்கும் முன்பே அவர் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த எண்ணைச் சொல்லியிருப்பார்.

உடனே ஆய்வகத்துக்கு ஓடினேன். சேர்க்கையன்று எடுத்த சீரம் மிச்சமிருந்தால் அதிலேயே இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்த்துவிடலாம். மிச்ச மாதிரிகளை அங்கே மூன்று நாள்தான் வைத்திருப்பார்கள். அன்று காலை அப்புறப்படுத்தியிருந்தார்கள். முதல் நாளோ இரண்டாம் நாளோ நினைத்திருந்தால் என் ஆறு சொற்களால் எந்தக் கேடும் வந்திருக்காது. இரவு எடுத்த முடிவைவிட, விடிந்த பிறகு மூன்று நாள் நினைக்காமல் இருந்ததுதான் பெரிய தவறோ என்று சில நேரம் தோன்றுகிறது. அதற்குத் தூக்கத்தைக் காரணம் காட்டவும் முடியாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.வி.ஐ.ஜி.யில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் ஐ.ஜி.ஜி. என்பதால் மற்ற இரண்டையும் நம்பிப் பார்க்கலாம்: ஐ.ஜி.ஏ. குறைவாக இருந்தது, ஐ.ஜி.எம். கீழ் எல்லையில் நின்றது. எதிர்ப்பொருள் உருவாகக் காரணமான பி அணுக்கள் இருந்தன. முந்தைய ஆண்டு மூச்சிரைப்புக்காக அவர் பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தார், அதுவும் ஐ.ஜி.ஜி.யைக் குறைக்கும் என்பதால் அந்த 1.8-ஐ மட்டும் வைத்து எதையும் அறுதியிட முடியவில்லை. நான்கு மாதம் காத்திருந்து மறுபடி பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். பதினோராம் வாரம் அவர் மீண்டும் நிமோனியாவுடன் வந்தார். இந்த முறை மருந்துக்கு முன் நானே நின்று மாதிரி எடுக்கச் செய்தேன். ஐ.ஜி.ஜி. 640. கீழ் எல்லை 700. அந்த 640-இல் அவருடையது எவ்வளவு, மிச்சமிருந்த இரவல் எவ்வளவு, ஸ்டீராய்டு தின்றது எவ்வளவு? இனியும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஐ.வி.ஐ.ஜி.யைத் தொடங்கிவிட்டோம். அதன்பின் அவருக்கு நிமோனியா வரவில்லை. ஒருமுறை, "எனக்கு உறுதியா அந்த நோய்தானா டாக்டர்?" என்று கேட்டார். "பெரும்பாலும் அதுதான்" என்றேன். நிறுத்திப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றும் சொன்னேன். நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. அவர் நிலையில் நானும் சம்மதித்திருக்க மாட்டேன்.

1952-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஆக்டன் புரூட்டன் எழுதிய அந்தச் சிறு கட்டுரையை ஒவ்வொரு தொகுதி மாணவர்களுக்கும் சொல்வது என் வழக்கம். அடிக்கடி தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவன். சீரத்தை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தபோது காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதன் பிறகே அவனுக்குக் காமா குளோபுலினை ஊசியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் இல்லாததைப் பார்த்தார், பிறகு அதைக் கொடுத்தார் என்று அந்த வரிசையை அழுத்திச் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன், அந்த இடம் வரும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது மாதிரி போனது மட்டுமன்று. அந்த மாத இறுதியில் நடந்த துறைக் கூட்டத்தில் இந்த நோயாளியைப் பற்றி நானே எடுத்துச் சொன்னேன். திரையில் நான் எழுதியிருந்த வரி: 'ஐ.வி.ஐ.ஜி.க்கு முன் மாதிரி எடுக்கப்படவில்லை.' செயப்பாட்டு வினைக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது. செய்தவனை வாக்கியத்தை விட்டே வெளியேற்றிவிடலாம். செய்யாதவனையும், செய்யாதே என்று சொன்னவனையும் சேர்த்தே வெளியேற்றிவிடலாம். அறையில் இருந்தவர்கள் அன்றிரவுப் பணியில் இருந்தவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. வாக்கியத்தைத் திருத்த எனக்கு அந்த நொடி இருந்தது. "கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

தனி ஆளைக் குற்றம் சொல்லாமல் நடைமுறையில் உள்ள ஓட்டையைப் பார்ப்பதுதான் அப்படிப்பட்ட கூட்டங்களின் மரபு. அதனால் பெயர்களைத் தவிர்த்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மரபு நல்ல மரபுதான். என்னைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது இல்லை.

அன்று மாலை பழைய கோப்பை வரவழைத்து அந்த இரவின் குறிப்பைப் படித்தேன். நேரம் 1.40 என்று போட்டு, மூத்த மருத்துவரிடம் தொலைபேசியில் பேசியதாகவும், அவர் ஒப்புதலுடன் ஐ.வி.ஐ.ஜி. தொடங்கியதாகவும் எழுதியிருந்தார். மாதிரி பற்றிக் கேட்டதும் நான் வேண்டாம் என்றதும் அதில் இல்லை. எங்கள் இருவரைத் தவிர அது யாருக்கும் தெரியாது என்று புரிந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதத் தூண்டியதும் அந்த நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவரைத் தனியாக அழைத்து, அன்று கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர், "பரவாயில்லை சார், நீங்க சொன்னதும் சரிதானே. பிளேட்லெட் அவ்வளவு கம்மியா இருந்தது" என்றார். அது மரியாதையா, உண்மையிலேயே அப்படி நம்பினாரா, அல்லது இந்தப் பேச்சை முடித்துக்கொள்ள விரும்பினாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதாகச் சொன்னதாக இருந்தால் கவலையில்லை. நம்பியிருந்தால், சரியான கேள்வியைத் தவறு என்று ஒருவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் இரவில் அழைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கேள்வியாகக் கேட்காமல், "சாம்பிள் எடுத்துட்டேன் சார்" என்று செய்து முடித்ததைச் சொல்லும் பழக்கத்துக்கு மாறியிருந்தார். இதை வளர்ச்சி என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினேன். வளர்ச்சிதான். வேறு ஒன்றும் கலந்திருக்கலாம்.

என் பங்குக்குப் பரிகாரமாக, அடுத்த தொகுதிக்கு 'முதலில் குழாய், பிறகு மருந்து' என்று மந்திரம்போல் ஓதினேன். சில மாதங்கள் கழித்து, மருந்தேற்றும் அறையில் ஒருவருக்கு அனஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை வந்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பயிற்சி மருத்துவர் அந்த ஒவ்வாமையை உறுதிசெய்ய உதவும் டிரிப்டேஸ் ரத்தச் சோதனைக்குக் குழாய் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அங்கே முதல் வேலை தொடையில் அட்ரினலின். டிரிப்டேஸ் உச்சத்துக்கு வரவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். செவிலியர் அதற்குள் ஊசியைப் போட்டுவிட்டார். தீங்கு எதுவும் நேரவில்லை. "நீங்கதானே சார் சொன்னீங்க" என்று அந்த இளைஞர் கேட்கவில்லை. முகத்தில் இருந்தது.

மந்திரத்தைக் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஆய்வகப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வைத்தேன்: கடந்த ஆறு மாதத்தில் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றப்பட்டதா, ஆம் எனில் தேதி. போன வாரம் வந்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் அது வெறுமையாகவே இருந்தது. நான் கையெழுத்திட்டு அனுப்பிய ஒன்றும் அவற்றில் இருந்தது.